பாறைமேல் ஒரு சிவப்புத் தீற்றல்

செனாய்
4 ஆகஸ்ட் 2024

வாசுகி டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் ஷாமளா. சுகுமாறனின் மனைவி. இந்த வரியைப் படித்ததும் நீங்கள் கடிதத்தை மடித்து வைத்துவிடக்கூடும். தப்பில்லை. ஆனால் ஒரு பக்கமாவது படித்துவிட்டு மடியுங்கள்.

தங்காக்கில் நீங்கள் ஓவியம் சொல்லிக்கொடுத்த பள்ளியில் என் உறவுக்காரப் பெண் ஒருத்தி படித்தாள். அவள்தான் விலாசம் தந்தாள். போன் நம்பரும் தந்தாள். வாட்சப்பில் அனுப்பினால் நீங்கள் படித்ததற்கு நீலக்கோடு விழும், பதில் வராது, நான் அதையே எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்கு இப்போது எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் கடிதம்.

அவருக்குப் போன வருஷம் ஸ்ட்ரோக் வந்தது. கை கால் ஓரளவு தேறி நடக்கிறார். நினைவுதான் தேறவில்லை. மறதி நோய், இனிமேல் இப்படித்தான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். படியேற விடக்கூடாது என்றதால் கீழே சாமான் அறையைக் காலி செய்து கட்டில் போட்டேன். அப்போதுதான் அலமாரிக்கு மேலே பழைய வேட்டியில் சுற்றிவைத்திருந்த படம் கிடைத்தது. கடலும் பாறையும். மூலையில் உங்கள் பெயர்.

உங்களைப் பற்றி அவர் என்னிடம் பேசியது ஒரே தடவை, எங்கள் கல்யாணத்துக்கு முன்னால். "முன்ன ஒரு கல்யாணம் ஆச்சு, நிக்கல" என்றார். நானும் பெயருக்கு மேல் எதையும் கேட்டதில்லை.

படம் எனக்குப் பிடித்திருந்தது. அந்த அறைக்குச் சன்னல் கிடையாது, அடுத்த வீடு ஒட்டினாற்போல் இருக்கிறது. மனுஷன் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாரே என்று நானேதான் ஆணி அடித்து மாட்டினேன்.

அவருக்கு அது சன்னல் ஆகிவிட்டது. முதலில் "சன்னல சாத்து, தண்ணி உள்ள வருது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு பாறைமேல் சிவப்பாக ஒன்று தெரிகிறதே, அதைப் பார்த்துக் கூப்பிட ஆரம்பித்தார். "வாசுகி, போதும் வா. தண்ணி ஏறுது." காலையில் ஆரம்பித்தால் தொண்டை கட்டுகிற வரைக்கும் இதுதான். பக்கத்து வீட்டுக் கனகராஜ் அண்ணன் இரவு ஷிப்ட் போய்விட்டுப் பகலில் தூங்குகிறவர். பாவம், ஒரு வார்த்தை சொன்னதில்லை.

என்னை அவர் 'மிஸி' என்கிறார். ஆஸ்பத்திரியில் நர்ஸ்களைக் கூப்பிட்டுப் பழகிய வாய். "மிஸி, நீங்களாச்சும் அவள வரச் சொல்லுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லைப் பாலம் கடந்து வருவாள். மற்றபடி நானும் அவரும்தான்.

படம் உங்களுடையது. வந்து எடுத்துப் போங்கள். வரும்போது அவர் கண்ணில் ஒரு தடவை பட்டுவிட்டுப் போனால் அந்தக் கூப்பாடு அடங்குமோ என்றும் ஒரு நப்பாசை.

ஷாமளா


தங்காக்
21 ஆகஸ்ட் 2024

திருமதி ஷாமளா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. பதில் எழுதுவதும் கிழிப்பதுமாக நாள் போய்விட்டது.

அவருக்கு உடம்பு இப்படி ஆனதில் எனக்கு வருத்தம்தான். தெரிந்த யாருக்கு வந்தாலும் வருந்துவேனே, அந்த அளவு வருத்தம். அதற்கு மேல் இருப்பதாகச் சொன்னால் பொய்.

படத்தை நான் மறந்து வைத்துவிட்டு வரவில்லை. வேண்டாம் என்று விட்டுவந்தேன். கழற்றிவிடுங்கள். யாருக்காவது கொடுங்கள், குப்பை லாரியில் போடுங்கள், எனக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் ஒன்றை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். அந்தச் சிவப்பு நான் இல்லை. அது யாருமே இல்லை. பயிற்சிக் கல்லூரி நூலகத்தில் பிரெஞ்சுக்காரர்கள் வரைந்த கடல்களைப் பார்த்துவிட்டு இம்ப்ரெஷனிசம் இம்ப்ரெஷனிசம் என்று நான் பித்துப்பிடித்துத் திரிந்த காலம் அது. அந்தப் பாணியில் பாறையை வரையமாட்டார்கள். பாறைமேல் அந்த நேரத்தில் என்ன வெளிச்சம் விழுகிறதோ அதை வரைவார்கள். வண்ணத்தை வழவழவென்று தேய்க்காமல் அப்பி அப்பி விட்டுவிட வேண்டும். கிட்டே போய்ப் பாருங்கள், பாறையும் தெரியாது, கடலும் தெரியாது. நாலடி தள்ளி நின்றால் எல்லாம் கூடிவரும். படம் முழுக்கச் சாம்பலும் பழுப்புமாக இருந்தது. கண் போய் நிற்க ஓரிடம் வேண்டும் என்று, தட்டில் மிச்சமிருந்த சிவப்பைக் கடைசியாக ஒரு தீற்று வைத்தேன். அவ்வளவுதான் விஷயம்.

என்னால் வர இயலாது. என்னைப் பார்த்தால் அடங்குவார் என்று நினைக்கிறீர்கள். நான் மருந்து இல்லை, ஷாமளா. ஓய்வுபெற்ற ஒரு டீச்சர். ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் குடியிருக்கிறேன். படி இறங்கினால் மூட்டு வலிக்கிறது. என்னை என் பாட்டுக்கு விட்டுவிடுங்கள்.

வாசுகி


செனாய்
22 செப்டம்பர் 2024

வாசுகி டீச்சர் அவர்களுக்கு,

நீங்கள் சொன்னபடி கழற்றினேன்.

அவர் சுவரைக் கையால் தடவிக்கொண்டே இருந்தார். கண் தெரியாதவர்கள் கதவைத் தேடுவார்களே, அந்த மாதிரி. கத்தவில்லை. நானும் அப்பாடா என்று பின்கட்டில் துணி காயப்போடப் போனேன். திரும்பி வந்தால் கட்டில் காலி, முன்கேட் திறந்து கிடக்கிறது.

கூலாய் பஸ் நிலையத்தில் இருந்தார். செருப்பு இல்லாமல் பஸ் ஏறிவந்து, கடலுக்குப் போகிற வழி கேட்டுக்கொண்டே இருந்தாராம். அந்தப் பஸ்ஸின் மலாய்க்கார டிரைவர் நல்ல மனுஷன். இறக்கி உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, சட்டைப் பையில் நான் வைத்திருந்த நம்பருக்குப் போன் பண்ணினார். கனகராஜ் அண்ணன் தூக்கத்தோடு எழுந்து காரை எடுத்தார். "கடல்ல ஆள் நிக்குது, யாரும் போகமாட்டேங்கறீங்க" என்று இவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாராம்.

வந்ததும் படத்தைத் திரும்ப மாட்டிவிட்டேன். பார்த்தார். "இன்னும் அங்கதான் இருக்கா" என்று சொல்லிவிட்டு, பழையபடி கூப்பிட ஆரம்பித்தார்.

அந்தச் சிவப்பு யாருமில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதை அவரிடம் சொல்லிப்பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மிஸி, எனக்கு நீந்தத் தெரியாது. தெரிஞ்ச ஆள அனுப்புங்க" என்றார். அது உண்மைதான். மகள் சின்னவளாக இருந்தபோது டெசாரு கடற்கரைக்குப் போனால்கூடக் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் பட விடமாட்டார். அந்தப் பயத்தோடுதான் நாள் முழுக்க அங்கேயே நிற்கிறார். நான் வெளியே நின்று பார்க்கிறேன்.

நீங்கள் மருந்து இல்லை, சரி. அப்படியென்றால் நான் யார், டீச்சர்? கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பாக்டரியில் வேலை முடித்து வந்து சமைத்துப் போட்டு, பிள்ளை பெற்று வளர்த்து, இப்போது குளிப்பாட்டியும் விடுகிறேன். என்னை ஒருநாளும் அவர் பெயர் சொல்லி இப்படித் தொண்டை கிழியக் கூப்பிட்டதில்லை. "இங்க பாரு" என்பார். நானும் பார்ப்பேன். அதுவே போதும் என்றுதான் இருந்தேன்.

அன்றைக்கு அங்கே என்ன நடந்தது என்று மட்டும் எழுதுங்கள். தெரிந்தால் அவருக்குப் பொருத்தமாக ஒரு பதில் சொல்வேன். நானாக எதையாவது சொன்னால் கண்டுபிடித்துவிடுகிறார்.

ஷாமளா


தங்காக்
13 அக்டோபர் 2024

ஷாமளாவுக்கு,

அவருக்கு நீந்தத் தெரியாது என்பது எனக்குத் தெரியாது.

அந்த வரி வந்ததும் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டேன். சந்தைவரைக்கும் போய் எதுவும் வாங்காமல் வந்தேன். பிறகும் பல நாள் பதில் எழுத வரவில்லை. இப்போது கேட்டதைச் சொல்கிறேன்.

இடம் தஞ்சோங் பாலாவ். கல்யாணமாகி இரண்டாம் வருஷம், பள்ளி விடுமுறை. அவருடைய நண்பரின் காரை இரவல் வாங்கிக்கொண்டு போனோம். வழியிலேயே சண்டை. எதற்கென்று நினைவில்லை, அப்போது எல்லாவற்றுக்கும் சண்டைதான். போய் இறங்கியதும் நான் பலகையையும் வண்ணப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு கடைசிப் பாறைக்கு நடந்துவிட்டேன். தண்ணீர் வற்றியிருந்தது. அவர் மணலில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார்.

வரைய ஆரம்பித்தால் எனக்கு எதுவும் காதில் விழாது. அன்றைக்கு அவர் குரல் விழுந்தது. காற்றில் வார்த்தை புரியவில்லை, சத்தம் மட்டும். கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார். திட்டுகிறார் என்று நினைத்தேன். அந்தச் சமயத்தில் அவர் குரலை உயர்த்தினாலே எனக்குத் திட்டுத்தான். வேண்டுமென்றே திரும்பாமல் வரைந்தேன். ஒருவழியாகத் திரும்பியபோது நான் நடந்துவந்த மணல் இல்லை.

பலகையைத் தலைமேல் வைத்துக்கொண்டு நெஞ்சளவு தண்ணீரில் வந்தேன். ஓரிடத்தில் விழுந்தேன். பாறைச் சிப்பியில் முழங்கால் கிழிந்தது. அவர் தண்ணீர் விளிம்பில் நின்றுகொண்டிருந்தார். கை இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. ஓர் அடிகூட இறங்கவில்லை. நான் கரையேறியதும் முதுகைக் காட்டிக்கொண்டு காருக்கு நடந்துவிட்டார். வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.

சில மாதங்களில் நான் கிளம்பிவிட்டேன். காரணங்கள் நிறைய இருந்தன. ஆனால் யார் கேட்டாலும் நான் சொன்னது இதைத்தான்: சாகட்டும் என்று நின்று பார்த்த மனுஷனோடு எப்படி இருப்பது? அம்மாவிடம் சொன்னேன், வக்கீலிடம் சொன்னேன், எனக்கு நானே எத்தனை தடவை சொல்லிக்கொண்டேனோ.

நீந்தத் தெரியாது என்று அவர் சொல்லியிருக்கலாம். வெட்கப்பட்டிருப்பார். அப்போதே தெரிந்திருந்தால் நான் இருந்திருப்பேனா என்று கேட்காதீர்கள். இருந்திருக்கமாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் வேறு காரணம் சொல்லிக்கொண்டு போயிருப்பேன்.

மனம் இளகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். உங்களுக்காக ஒரு காரியம் செய்கிறேன். கத்தியும் கொஞ்சம் சாம்பல் வண்ணமும் எடுத்துக்கொண்டு வந்து, அந்தச் சிவப்பைச் சுரண்டி எடுத்துவிடுகிறேன். ஆளே இல்லையென்றால் யாரைக் கூப்பிடுவார்? நான் யாரென்று அவரிடம் சொல்லக்கூடாது. படம் பழுதுபார்க்க வந்தவள் என்று சொல்லுங்கள்.

வாசுகி


செனாய்
10 நவம்பர் 2024

அக்கா,

நேரில் பார்த்த பிறகு டீச்சர் என்று எழுத வரவில்லை.

நீங்கள் வேலை முடித்துப் போன அன்று அமைதியாகத்தான் இருந்தார். மறுநாள் காலையில் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். படத்தைப் பார்த்தபடி கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். "காணோம்" என்றார். பிறகு, "போயிட்டா மிஸி. தண்ணி கொண்டுபோயிருச்சு" என்றார்.

அன்றிலிருந்து துக்க வீடுதான். போலீசுக்குச் சொல்லியாயிற்றா, உடல் கிடைத்ததா என்று கேட்கிறார். தலை வாரவிடுவதில்லை. ஒருவாய் கஞ்சி இறங்கினால் பெரிய விஷயம். கனகராஜ் அண்ணன் எட்டிப்பார்க்க வந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பெண்டாட்டி கடலில் போய்விட்டாள் என்று தேம்பித் தேம்பி அழுதார். நான் பக்கத்தில் தாலியோடு நிற்கிறேன். அண்ணனுக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை. எனக்கு அழுகையும் வரவில்லை.

கத்தியால் ஒரே இழுப்பில் எடுத்துவிட்டீர்கள். நல்லதுக்குத்தான் செய்தீர்கள், தெரியும். நானும்தான் சரி என்றேன். ஆனால் அந்தக் கூப்பாடே தேவலை அக்கா. கூப்பிட்டுக்கொண்டிருந்தவரைக்கும் அவருக்கு நீங்கள் உயிரோடு இருந்தீர்கள்.

இதைக் கோபமாக எழுதுகிறேனா என்று திரும்பப் படித்துப் பார்க்கக்கூட அலுப்பாக இருக்கிறது. அப்படியே அனுப்புகிறேன்.

ஷாமளா


தங்காக்
18 நவம்பர் 2024

ஷாமளா,

திட்டியிருந்தாலும் சரிதான்.

சிவப்பைத் திரும்ப வைக்க ஒரு நிமிஷம் போதும். வைத்தால் அவர் மறுபடி அந்தக் கரையில் போய் நிற்க வேண்டும். அதையும் நீங்கள்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வேண்டாம்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். வண்ணப்பெட்டி எடுத்துவரவில்லை. நான்தான் வாசுகி என்று சொல்லிப் பார்க்கப்போகிறேன்.

வாசுகி


தங்காக்
28 நவம்பர் 2024

ஷாமளா,

நீங்கள் அடுப்படியில் இருந்தபோது அறையில் நடந்ததைச் சொல்லாமல் வந்துவிட்டேன். சொல்ல அங்கே வாய் வரவில்லை.

நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் எதிரே உட்கார்ந்தேன். "யாரும்மா நீங்க?" என்றார். பெயரைச் சொல்லத்தான் போயிருந்தேன். ஆனால் அவர் தேடுகிறவளுக்கு இருபத்தேழு வயது. இந்த நரைத்த தலையோடு நான்தான் அவள் என்றால், அவளுக்கு என்ன ஆயிற்றோ என்று இன்னும் பயப்படுவார். அதனால் வேறு சொன்னேன்.

"கடலோரத்துல இருக்கற கம்பத்து ஊர்லேருந்து வரேங்க. பாறையில நின்ன பொண்ணு கரைக்கு வந்துருச்சு. நாங்க பாத்தோம்."

"உசுரோடயா?"

"நடந்தே வந்துச்சு. முழங்கால்ல மட்டும் அடி."

அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. பிறகு கிட்டே வரச்சொல்லிக் கையைக் காட்டினார். குனிந்தேன். யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோலச் சொன்னார்.

"எனக்கு நீந்தத் தெரியாதும்மா. அதான் எறங்கல. அவகிட்ட சொல்லிராதீங்க."

"சொல்லமாட்டேன்" என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தண்ணீர் குடிக்கலாம் என்று அடுப்படிக்கு வந்தேன். குழாய் திறந்தபடி இருந்தது, அரிசிப் பாத்திரம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நீங்கள் தொட்டியில் கைவைத்து நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தீர்கள். குழாயை மூடினேன். அப்போதும் நீங்கள் விழிக்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது அவரை அவ்வளவாக நினைக்கவில்லை. அது முடிந்த மாதிரி இருந்தது. மன்னிப்பு, கின்னிப்பு என்றெல்லாம் எதுவும் இல்லை. உங்களைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

பொங்கல் கழித்து என் வீட்டுச் சாவியை உங்களிடம் கொடுக்கிறேன். நீங்கள் இங்கே வந்து தூங்குங்கள். நான் அங்கே வந்து பார்த்துக்கொள்கிறேன். மாத்திரை, சாப்பாடு, குளியல் எல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிவைத்துவிட்டுப் போங்கள். கீழேயே இருந்துகொள்வேன், படி ஏறி இறங்க வேண்டாம், எனக்கும் நல்லது.

வாசுகி


செனாய்
15 டிசம்பர் 2024

அக்கா,

இதெல்லாம் நடக்கிற காரியமா? விவாகரத்தான பெண்டாட்டியிடம் புருஷனை விட்டுவிட்டு ஒருத்தி ஊர் சுற்றப் போனாள் என்று இந்த வரிசை வீடுகளில் பேசமாட்டார்களா? மகளிடம் சொன்னேன். அவள், "போங்கம்மா. யார் பாத்துக்கிட்டா என்ன? போங்க" என்றாள். கனகராஜ் அண்ணனும் அதையேதான் சொன்னார்.

அவர் இப்போது சாப்பிடுகிறார். கடலைப் பார்க்கிறார், ஆனால் கூப்பிடுவதில்லை. சில சமயம், "வந்துட்டால்ல?" என்று கேட்பார். "வந்துட்டா" என்பேன்.

எனக்குத்தான் உங்கள் வீட்டுக்கு வரக் கூச்சமாக இருக்கிறது. எதையாவது உடைத்துவிட்டால்? தூக்கமே வராமல் போனால்?

ஷாமளா


செனாய்
22 ஜனவரி 2025

ஷாமளா,

போனில் நீங்கள் கேட்பதற்கெல்லாம் "நல்லா இருக்காரு" என்று ஒரே பதிலைச் சொல்கிறேன் என்று நீங்கள் குறைப்பட்டதால் எழுதுகிறேன்.

நல்லாத்தான் இருக்கிறார். கஞ்சியில் கருவாடு பிய்த்துப் போட்டால் முழுக்கச் சாப்பிடுகிறார், இதை நீங்கள் எழுதிவைக்கவில்லை. குளிக்கச் சொன்னால் சண்டை. நேற்று வாளியைத் தட்டிவிட்டார், நானும் நனைந்தேன், சட்டென்று எனக்குப் பழைய கோபம் தலைக்கேறிவிட்டது. வெளியே வந்து கொஞ்சம் நின்றுவிட்டுப் போனேன். உங்களுக்கு அந்த இடைவெளியும் இல்லையே என்று நினைத்தேன்.

என்னையும் மிஸி என்றுதான் கூப்பிடுகிறார். அதில் எனக்குச் சௌகரியம்தான். ஆனால் முந்தாநாள் சாயங்காலம், "வீட்டுல இருந்த மிஸி எங்க? அவங்க நல்லா தலை தொவட்டுவாங்க" என்றார். ஊருக்குப் போயிருக்கிறார்கள், வந்துவிடுவார்கள் என்றேன். "கோவிச்சுக்கிட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லியும் கேட் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

இது உங்களுக்குப் போதுமா என்று எனக்குத் தெரியாது. போதாது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் சொல்லவேண்டியது.

வாசுகி


தங்காக்
27 ஜனவரி 2025

அக்கா,

உங்கள் கடிதத்தைச் சன்னலோரம் உட்கார்ந்து படித்தேன். இங்கிருந்து லேடாங் மலை தெரிகிறது. வந்ததிலிருந்து மழை, இன்றைக்குத்தான் மேகம் விலகி முழுசாகத் தெரிந்தது. அவ்வளவு பெரிய மலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்கள் எப்படிச் சொல்லாமலே இருந்தீர்கள்?

வந்த அன்று கட்டிலில் உட்கார்ந்ததுதான் தெரியும். எழுந்தபோது வெயில் சுவரில் இருந்தது. காலையா சாயங்காலமா தெரியவில்லை, எந்த ஊர் என்றும் தெரியவில்லை. யாரோ கூப்பிடுவார்கள் என்று அப்படியே படுத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. கீழே கடையில் துணி கிழிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. மறுபடி தூங்கிவிட்டேன். பிறகு கீழே போய், எனக்கென்று ஒரு சேலை எடுத்தேன். நீலம். கட்டிப் பார்த்துவிட்டு, கட்டினபடியே படுத்துத் தூங்கினேன். சொன்னால் சிரிப்பீர்கள்.

அவர் கேட் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எழுதியிருந்ததைப் படித்ததும் பையை எடுத்து வைத்தேன். உடனே கிளம்பிவிடலாம் என்று துணியெல்லாம் மடித்தேன். மடித்துவிட்டு உட்கார்ந்தேன். எழுந்திருக்க முடியவில்லை அக்கா. நோயெல்லாம் இல்லை. இத்தனை வருஷத்து அசதி இப்போதுதான் ஒவ்வொன்றாக இறங்குகிறது போலிருக்கிறது.

போனில் கேட்டால் நீங்கள் உடனே சரி என்றுவிடுவீர்கள், அது மனசாரச் சொன்னதா என்று எனக்குத் தெரியாது. அதனால் எழுதிக் கேட்கிறேன். முடியாதென்றால் முடியாது என்று எழுதுங்கள், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். இந்த வாரக் கடைசியில் வருவதாகச் சொல்லியிருந்தேன். இன்னும் ஒரு வாரம் இங்கேயே இருந்துகொள்ளட்டுமா?

ஷாமளா